விழுந்தவன் பெயர்

எங்கள் ஆபீசில் லைன் விழுந்தால் மணி அடிக்கும். கோயில் மணிச் சத்தம். முதலாளியே தேடிப் பிடித்துத் தன் போனில் வைத்துக்கொண்டது. மணி அடித்ததும் அவர் பார்ப்பது எந்த ஊர் லைன் என்று அல்ல, யார் பெயர் வந்திருக்கிறது என்று. அந்தப் பெயருக்குரியவனைக் கூப்பிட்டு, அவனைப் பெற்றவர்களையும் சேர்த்து நாலு கெட்ட வார்த்தை சொன்ன பிறகுதான் லைன் எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்ற பேச்செல்லாம் வரும்.

தென்காசியில் முதலில் கேபிள் டிவி நடத்தி, பிறகு வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த கம்பெனி. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் மனைவியின் தம்பி ஒருவன், ராணுவத்தில் இருந்து திரும்பியவன், ஸ்டோர் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்களை மேய்ப்பான். அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. மச்சினன் என்றே எழுதுகிறேன். லைன்மேன்கள் ஏழெட்டுப் பேர். பெண் என்று நான் ஒருத்திதான். சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான் பாவூர்சத்திரத்துக்காரி. அப்பா மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறுகிறவர். அங்கே மெதுவாகப் பேசினால் தக்காளிகூட விலை போகாது. அதனால் எனக்கும் குரல் பெரிது, கோபமும் சீக்கிரம் வரும். இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கல்யாணமாகிக் குத்துக்கல்வலசையில் வாடகைக்கு வீடு பிடித்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். "அந்த ஆபீசா? அங்கன அடிதடில்லா நடக்கும்" என்றார் என் கணவர். மார்க்கெட்டில் பார்க்காத அடிதடியா என்று சேர்ந்துவிட்டேன்.

சுவிட்ச் என்றால் லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. தட்டையான ஓர் இரும்புப் பெட்டி, முகப்பில் வரிசையாகத் துளைகள். துளைக்குப் பேர் போர்ட். ஒவ்வொரு போர்ட்டில் இருந்தும் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் கிளம்பி, கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஒரு பகுதிக்குப் போகும். மெயினருவி ரோடு, ஐந்தருவி, பழைய குற்றாலம், இலஞ்சி, மேலகரம். எங்களுடைய பெரிய சுவிட்ச் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மொட்டைமாடி அறையில் இருக்கிறது. நான் இருப்பது தென்காசியில். இரண்டு பேருக்கும் நடுவே எஸ்.என்.எம்.பி. என்று ஒரு பாஷை. உள்ளே சூடு எவ்வளவு, எந்த போர்ட் உயிரோடு இருக்கிறது, கேபிள் வழியாக வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். அது எண்ணாகப் பதில் சொல்லும். அந்த எண்களை என் திரை கோடாக வரைந்துகொண்டே போகும். கேட்காமலே அதுவாகக் கத்துகிற விஷயமும் உண்டு. ஒரு போர்ட் செத்தால் அந்த நொடியே கத்தும். அந்தக் கத்தல்தான் அண்ணாச்சியின் போனில் மணியாக அடிப்பது.

இந்தப் பாஷைக்கு இரண்டு பாஸ்வேர்டு. ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று உத்தரவு போடுவதற்கு. உத்தரவு பாஸ்வேர்டு இருந்தால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஒரு போர்ட்டை மூடலாம், திறக்கலாம். பல கம்பெனிகளில் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருப்பார்கள். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான் கிடந்தது. நான் சேர்ந்த வாரமே மாற்றிவிட்டேன். மாற்றியதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. எல்லா ஊரிலும் அதில் இடத்தின் பெயரை எழுதுவார்கள். எங்கள் கம்பெனியில் நான் வருவதற்கு முன்பிருந்தே அந்த லைனைப் பார்த்துக்கொள்கிற ஆளின் பெயர். ஊர் எது என்பது கூடவே வருகிற போர்ட் எண்ணை வைத்துத்தான் தெரியும். இது என்ன வழக்கம் என்று ஒரு நாள் அண்ணாச்சியிடமே கேட்டேன்.

"ஊரு பேரப் போட்டா ஊரையா போட்டு மிதிக்க முடியும்?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆரம்பத்தில் அது சிரிப்பாகவும் இருந்ததாம். யார் பெயர் விழுகிறதோ அவன் சாயங்காலம் எல்லோருக்கும் உளுந்த வடை வாங்க வேண்டும். "ஏலே, இன்னைக்கு நீ விழுந்துட்ட, வடையை எடு" என்று கேலி. மச்சினன் பழைய குற்றாலம் லைனைத் தன் பெயரில் வைத்துக்கொண்டான், அங்குள்ள லாட்ஜ்காரர்கள் அவன் கூட்டாளிகள். மேலகரத்தில் அண்ணாச்சி கட்டிய புது வீட்டுக்குப் போகிற லைனில் அண்ணாச்சியின் பெயர். திரையில் தன் பெயர் பச்சையாக எரிவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த இரண்டு பெயரும் விழுந்தால் மட்டும் வடை கிடையாது.

பிறகு எதிர்க் கம்பெனி ஒன்று வந்தது. வடை போய் அறை வந்தது.

இரண்டு கம்பெனிக்கும் ஒரே கம்பங்கள். இலஞ்சியில் எங்கள் கேபிளை யாரோ அரிவாளால் கொத்துக் கொத்தாக வெட்டிப் போட்டார்கள். மறுநாள் எங்கள் ஆட்கள் போய் அவர்களுடைய பெட்டிகளைக் கல்லால் நசுக்கினார்கள். அவர்கள் லைன்மேன் ஒருவனுக்குக் கடப்பாரையால் மண்டை உடைந்தது. எங்கள் ஆள் ஒருவனின் பைக்கைக் கொளுத்தி வாய்க்காலில் தள்ளினார்கள். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் யார் வெட்டியது என்பதுதான் கேள்வி. வெளியே ஆள் சிக்காவிட்டால் பெயர் விழுந்தவன் சிக்குவான். 'காசு வாங்கிக்கிட்டு நீயே வெட்டுனியா' என்று அறை விழும். கேபிளுக்கு உள்ளே ஒரு எஃகுக் கம்பி ஓடும். துண்டுக் கேபிளை மடக்கிப் பிடித்து அடித்தால் முதுகில் வரி வரியாகப் பதியும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கிறேன். பழகிப் போகும் என்பார்கள், உண்மைதான்.

ஐந்தருவி லைன் ஓர் அண்ணனுடையது. நாற்பது வயது இருக்கும். கேபிள் அறுந்தால் இழையோடு இழையை ஒட்டுகிற வேலையை அவர்தான் செய்வார். முடியைவிட மெல்லிய கண்ணாடி, சுட்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே பிடித்துத் துடைத்து மெஷினில் வைக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசுவார். வரும்போதே, "தங்கச்சி, உன் பெட்டி இன்னைக்கு எவனக் கோள் சொல்லிச்சு?" என்றுதான் வருவார். அவருக்குக் குரங்கு என்றால் ஆகாது. ஒரு தடவை கம்பத்தில் வைத்தே கடித்துவிட்டது. குற்றாலத்துக் குரங்குகளை வம்சத்தோடு சபித்துக்கொண்டுதான் ஏணியைத் தூக்குவார்.

அவருடைய தங்கை புருஷன் எதிர்க் கம்பெனியில் லைன்மேன். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, சண்டை முற்றுகிற வரைக்கும்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் ஐந்தருவி லைனில் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. என் திரையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கேபிளை வெட்டினால் கோடு செங்குத்தாக விழும், சுவரில் இருந்து குதித்த மாதிரி. இது அப்படி இல்லை. மழை பெய்தால் கொஞ்சம் இறங்கும், வெயில் அடித்தால் கொஞ்சம் ஏறும், மொத்தத்தில் சரிந்துகொண்டே போகும். கம்பத்தில் கேபிள்களைச் சேர்த்து மூடியிருக்கும் ஜாயின்ட் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அண்ணனிடம் சொன்னேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, மூடி விரிந்திருக்கிறது, புதுப் பெட்டி வேண்டும் என்று ஸ்டோரில் கேட்டார். நானும் கூடவே போய் நின்றேன்.

மச்சினன் சாவியைத் தொடவே இல்லை. "சீசன் முடியட்டும். இப்ப ஒரு கேரி பேக்கைச் சுத்தி இறுக்கிக் கட்டுலே" என்றான்.

"கேரி பேக்கா? கொரங்குக்கு விருந்து வைக்கச் சொல்லுதீரா? கவரைப் பாத்தா தின்பண்டம்னு பிச்சுப்புடும்லா?"

"சொன்னதைச் செய்யி. பெரிய இன்ஜினியரு இவரு."

குற்றாலத்தில் கையில் கவரோடு நடக்கிற எவரையும் கேளுங்கள், குரங்குக்குக் கவர் என்றால் என்ன என்று சொல்வார்கள். ஆனால் எங்கள் கம்பெனியில் மச்சினன் சொன்னால் சொன்னதுதான். அண்ணன் ஒரு ஜவுளிக் கடை மஞ்சள் கவரை வாங்கிப் போய்ச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தார். அண்ணாச்சியிடம் நான் தனியாகப் போய்க் கோட்டைக் காட்டினேன். "சீசன் முடியட்டும்மா" என்று அவரும் அதையே சொன்னார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. அருவி எல்லாம் கொட்டுகிறது, லாட்ஜெல்லாம் நிரம்பியிருக்கிறது. நடுப்பகலில் மணி அடித்தது. ஐந்தருவி. அண்ணன் பெயர்.

அதற்குள் யாரோ அண்ணாச்சியிடம் ஓதியிருந்தான். காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அண்ணனும் அந்தத் தங்கை புருஷனும் சேர்ந்து டீ குடித்தார்களாம். மச்சானும் மச்சானும் டீ குடிக்காமல் வேறென்ன குடிப்பார்கள்? ஆனால் டீயும் மணியும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டன. அண்ணன் ஆபீசுக்கு ஏணி எடுக்க வந்தார், லைனைப் பார்க்கப் போவதற்காக. மச்சினன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து அப்படியே பின்பக்கக் குடோனுக்கு இழுத்துக்கொண்டு போனான். இரண்டு லைன்மேன்கள் கூடப் போனார்கள். அண்ணாச்சி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கேபிள் அடி. அது விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். அன்றைக்கு நிற்கவே இல்லை. அண்ணன் முதலில் பேசிக்கொண்டிருந்தார், பிறகு கத்தினார், பிறகு கத்தலும் அடைத்துக்கொண்டது. நான் லேப்டாப்பைத் திறந்த மேனிக்கே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அண்ணன் சட்டை கிழிந்து கேபிள் உருளைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுக் கிடந்தார். வாயில் ரத்தம், ஒரு கண் மூடிப்போயிருந்தது. முதுகைப் பார்க்க முடியவில்லை. கூடப் போன இரண்டு பேரும் அவருடைய வலது கையை மர உருளையின் மேல் நீட்டி அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அவரோடு வடை தின்றவர்கள். மச்சினன் கையில் சுத்தியல்.

"எந்தக் கையாலலே வெட்டுனே? இந்தக் கைதானே?"

"அண்ணாச்சி, வெட்டே இல்ல இது!" என்று கத்தினேன். "கோட்டைப் பாருங்க. வெட்டுனா ஒரே விழுவா விழும். இது ஒரு மாசமா சரிஞ்சுக்கிட்டே வருது. நான் அன்னைக்கே காட்டுனேன்லா? இன்னைக்கும் விழுறதுக்கு முன்னால ஆடிருக்கு பாருங்க, மேல கீழ, மேல கீழன்னு. ஏதோ ஒண்ணு பெட்டியைப் போட்டு உலுக்கிருக்கு. அண்ணே சொன்ன கொரங்காத்தான் இருக்கும்."

அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ வெளிய போம்மா. இது ஆம்பளைங்க விஷயம்."

மச்சினன் என் லேப்டாப்பைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். "ஏட்டி, போன்னா போ!" என்று என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். நிலைப்படியில் முழங்கால் அடித்து விழுந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் எழுந்திருப்பதற்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. மரத்தில் பட்ட சத்தம் இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் போட்ட சத்தத்தை நான் மார்க்கெட்டிலும் கேட்டதில்லை, பிரசவ வார்டிலும் கேட்டதில்லை.

கதவை உதைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். போலீசுக்குப் போன் போடலாம்தான். மச்சினன் வீட்டிலும் அண்ணாச்சி வீட்டிலும் பாதிப் பேர் காக்கி. யாரோ கிளம்பி, யாருக்கோ போன் போட்டு, விசாரித்துக்கொண்டு வருவதற்குள் அந்தக் கையில் மிச்சம் என்ன இருக்கும்? எனக்குத் தெரிந்து அந்தக் கதவுக்குள் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருக்கிற மணி.

என் மேஜைக்கு ஓடினேன். பெரிய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் உத்தரவு பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. வெளியுலகத்தில் இருந்து சுவிட்சுக்கு வருகிற போர்ட்டை மட்டும் தொடக் கூடாது, தொட்டால் உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டிய கதை, என் உத்தரவும் அங்கே போய்ச் சேராது. மற்றது எதுவானாலும் சரி. முதலில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவனுடைய போர்ட். மெயினருவி ரோடு. மூடு என்று எழுதி அனுப்பினேன்.

கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.

அடுத்தது, கையைப் பிடித்திருந்த இன்னொருவன். இலஞ்சி. மணி அடித்தது. உள்ளே அண்ணாச்சி யாரிடமோ ஏதோ கேட்கிற சத்தம். அதற்கடுத்த பெயர். மணி. அதற்கும் அடுத்த பெயர். மணி. ஒரு மணி அடங்குவதற்குள் இன்னொன்று. சுத்தியல் சத்தம் இல்லை. நான் அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தேன், அழுகை பயத்தால் இல்லை, அவ்வளவு ஆத்திரம். சனிக்கிழமை, சீசன் கூட்டம், குற்றாலம் முழுக்க லாட்ஜ் லாட்ஜாக இன்டர்நெட் செத்துக்கொண்டு வந்தது. அருவிக்கு வந்தவர்கள் போனை ஆட்டிப் பார்த்திருப்பார்கள். ஆட்டட்டும்.

பழைய குற்றாலம். மச்சினன் பெயர். மணி அடித்தது.

கடைசியில் மேலகரம். அண்ணாச்சி பெயர். அதை அனுப்பிவிட்டுக் கையை மேஜையில் இருந்து எடுத்தேன்.

தாழ்ப்பாள் திறந்தது. மச்சினன்தான் முதலில் வந்தான், சுத்தியலோடு. நான் என்ன செய்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைத்தான் அடிப்பான் என்று நினைத்தேன். திரையை அடித்தான். கண்ணாடி சிதறி என் கழுத்திலும் கன்னத்திலும் தெறித்தது.

"நல்லா ஒடைங்க. சுவிட்ச் இங்கன இல்ல, குத்தாலத்துல இருக்கு" என்றேன்.

பின்னால் அண்ணாச்சி. கையில் போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது, இப்போது மணி இல்லை, லாட்ஜ்காரர்கள். "என்னம்மா செஞ்சே?"

"எல்லாவன் பேரும் விழுந்திருக்கு அண்ணாச்சி. பாத்தீங்களா? கையப் பிடிச்சவன் பேரு, சுத்தியல் எடுத்தவன் பேரு, எல்லாம். உங்க பேரும் விழுந்திருக்கு. வரிசையா வந்து கைய வைக்கச் சொல்லுங்க. முதல்ல நீங்க வைங்க."

இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அண்ணாச்சியின் தொழில் முழுக்க அந்த நேரம் என் மண்டைக்குள் இருந்த ஒரு பாஸ்வேர்டில் தொங்கியது. என்னை அடித்துக் கொன்றாலும் அது வெளியே வராது என்பது அவருக்குத் தெரியும்.

"லைனைக் கொடும்மா" என்றார்.

"அண்ணனக் கார்ல ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்கு நானும் போறேன். கார் வாசலத் தாண்டட்டும். என் போன்ல இருந்தே ஒவ்வொண்ணாத் தெறந்து விடுதேன்."

கையைப் பிடித்திருந்த அதே இரண்டு பேர் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையை ஒரு துண்டில் சுற்றியிருந்தார்கள், துண்டு நனைந்து சொட்டியது. அப்போது அண்ணாச்சியின் போனில் இன்னொரு லைன்மேன் கூப்பிட்டான். லைன் விழுந்ததுமே ஐந்தருவிக்குப் போனவன். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, ஏறிப் பாத்துட்டேன். வெட்டெல்லாம் இல்ல. மஞ்சக் கவரு கட்டிருந்துச்சுல்லா, அதைக் கொரங்கு பிச்சுத் தொங்கவிட்டிருக்கு. பெட்டியத் தெறந்து உள்ள இருந்ததெல்லாம் இழுத்துப் போட்டுருக்கு. இப்பமும் கம்பத்து மேலதான் உக்காந்திருக்கு, என்னைப் பாத்துப் பல்லக் காட்டுது."

மச்சினன், "கொரங்கா?" என்றான்.

அண்ணாச்சி திரும்பி அவன் கன்னத்தில் விட்டார். இன்னொன்று. கீழே விழுந்தவனைச் செருப்புக் காலால் உதைத்தார். ஸ்டோர் சாவி இடுப்பில் இருந்து கழன்று தரையில் ஓடியது. தன் தம்பியை அடித்தால் வீட்டுக்காரம்மா என்ன சொல்வாள் என்றுகூட அவருக்கு நினைப்பு இல்லை. சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு உதை விழட்டும் என்று நின்று பார்த்தேன். பிறகுதான் காரில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். அண்ணன் வீங்கிய வாயால், "ஏணி சறுக்கிருச்சு" என்றார். நான் வாயைத் திறந்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

வெளியே வந்ததும் அவரிடமே கத்தினேன். "ஏண்ணே? முதுகு முழுக்க வரி, ஏணி அடிச்சுதா?"

"பிள்ளைங்க படிக்குது தங்கச்சி. இந்தக் கைய வச்சுக்கிட்டு இனிமே எவன் வேலை தருவான்? அண்ணாச்சி பாத்துக்கிடுவாரு."

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை.

சுட்டு விரலும் நடு விரலும் கோணலாகவே கூடின. மடங்கும், ஆனால் சேராது. இழையைப் பிடிக்க முடியவில்லை. முயன்று பார்த்தார், நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடி இழை விரலுக்கு நடுவே நிற்காமல் கீழே விழுந்தது, குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. மெஷினை மூடி வைத்துவிட்டார். இப்போது ஸ்டோர் சாவி அவரிடம்தான் இருக்கிறது. யார் வந்து பெட்டி கேட்டாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார். மச்சினன் சிவகிரிப் பக்கம் வேறு ஏதோ தொழில் என்று போய்விட்டான்.

நான் வேலையை விடவில்லை. வீட்டுக்காரரும் கேட்டார், அப்பாவும் கேட்டார், இன்னுமா அங்கே போகிறாய் என்று. நான் விட்டால் அடுத்து வருகிறவன் அண்ணாச்சி சொன்னதும் நான் எடுத்துவிட்ட பெயர்களைத் திருப்பி எழுதிவிடுவான். அடி விழுந்த அந்த வாரமே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பேரையெல்லாம் எடுத்துரும்மா. ஊரு பேரையே போட்டுக்க" என்றார். சரி என்றேன். உட்கார்ந்து எல்லாப் பெயரையும் அழித்தேன். ஊர்ப் பெயர் போடவில்லை. ஒவ்வொரு போர்ட்டிலும் என் பெயரை எழுதினேன். அண்ணாச்சி வீட்டு லைனிலும்.

அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை, அடுத்த மணி அடிக்கிற வரைக்கும்.

ஐப்பசி மழை. மத்தியானம் போல மணி அடித்தது. பழக்கம் போகுமா, பெயரைப் பார்த்துக் கத்துவதற்கு வாயைத் திறந்தபடியே தன் அறையில் இருந்து வந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். லைன்மேன்கள் இருந்த இடத்தில் இருந்து அசையவில்லை. ஸ்டோர் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

நான் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தேன்.

"எந்தக் கை, அண்ணாச்சி?" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு ஸ்டோர் வாசலில் இருந்த கையைப் பார்த்தார். அப்படியே ஸ்டோர் பக்கம் நடந்தார். அண்ணன் ஒரு புது ஜாயின்ட் பாக்ஸை எடுத்து நீட்டினார். அந்த இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் பெட்டி நழுவியது. அண்ணாச்சி குனிந்து அதைத் தரையில் இருந்து எடுத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், தானே போய் வண்டியில் ஏணியைக் கட்டினார்.